சான்று செல்லாத விமானத்தை எல்லை தாண்டி ஓட்டிப்போக எஃப்ஏஏ (அமெரிக்க விமானத் துறை) பெர்மிட் மட்டும் போதுமா?

பனிச்சிறகு | 6 மே 2024, காலை 9:12

என்-பதிவு (அமெரிக்கப் பதிவு) செஸ்னா 182டி ஒன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பேங்கரில் நிற்கிறது. ஆனுவலின் (ஆண்டுப் பரிசோதனை) கெடு மார்ச்சோடு முடிந்துவிட்டது. வாங்கியவர் ஜெர்மனியில். "ஆனுவல், பதிவு மாற்றம் எல்லாம் இங்கே பார்த்துக்கொள்கிறேன், அப்படியே ஓட்டி வந்துவிடுங்கள்" என்கிறார். வழி: கூஸ் பே (கனடா), நர்சர்சுவாக் (கிரீன்லாந்து), ரெய்க்யாவிக் (ஐஸ்லாந்து), விக் (பிரிட்டன்), அங்கிருந்து ஜெர்மனி.

எஃப்ஏஏ-யிடம் ஸ்பெஷல் ஃப்ளைட் பெர்மிட் (ஃபெர்ரி பெர்மிட்) வாங்கிவிட்டால் ஐகாவோ (சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) நாடுகள் எல்லாம் அதை ஏற்றாக வேண்டும் என்பது என் கணக்கு. அந்த நாடுகளுக்குப் பொதுவான சிகாகோ ஒப்பந்தத்தின் 33-வது பிரிவு அதைத்தானே சொல்கிறது?

வால்சக்கரம் | 6 மே 2024, காலை 10:40

போதாது. 33-வது பிரிவை முழுதாகப் படியுங்கள். சான்று கொடுத்த நாட்டின் விதிகள் ஐகாவோவின் குறைந்தபட்சத் தரத்துக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால்தான் மற்ற நாடுகள் ஏற்க வேண்டும். ஃபெர்ரி பெர்மிட் என்பதே "இந்த விமானம் இந்தத் தரத்தில் இல்லை, ஆனாலும் இந்த ஒரு பயணத்துக்குப் பறக்கலாம்" என்று எழுதிக் கொடுக்கும் தாள். தரத்தில் எங்கே குறை என்பதைச் சான்றோடு சேர்த்துக் காட்ட வேண்டும் என்கிறது 39. அப்படிக் குறை காட்டப்பட்ட விமானம், நுழையும் நாட்டின் அனுமதி இல்லாமல் சர்வதேசப் பறப்பில் இறங்கக்கூடாது என்கிறது 40. உங்கள் விமானம் நிற்பது 40-ல்.

எஃப்ஏஏ தரும் தாளோடு வரும் ஆபரேட்டிங் லிமிட்டேஷன் பக்கத்திலும், வேறு நாட்டின் மேல் பறக்க அந்த நாட்டின் அனுமதி வேண்டும் என்று இருக்கும். பலர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள்.

உங்கள் வழிக்குக் கேட்க வேண்டியவர்கள்: கனடா, கிரீன்லாந்துக்காக டென்மார்க், ஐஸ்லாந்து, பிரிட்டன், ஜெர்மனி. விக்கிலிருந்து நெதர்லாந்து மேலாகப் போனால் அதுவும்.

லாக்புக் | 6 மே 2024, மதியம் 1:05

ஒரு திருத்தம். "சான்று காலாவதி" என்று விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். அமெரிக்க ஸ்டாண்டர்டு பறத்தகுதிச் சான்றில் முடிவு தேதியே கிடையாது. பராமரிப்பு விதிப்படி நடக்கும் வரை அது உயிரோடு இருக்கும். ஆனுவல் தவறியதால் இப்போது அமலில் இல்லை, அவ்வளவுதான். "எஃப்ஏஏ விதி 91.409-ன்படி ஆனுவல் செய்யப்படவில்லை, கடைசி ஆனுவல் இன்ன தேதி, இன்ன மணி நேரத்தில்" என்று எழுதுங்கள். "சான்று காலாவதி" என்று பார்த்ததும் வேற்று நாட்டு அதிகாரி வேறு ஏதோ பெரிய கோளாறு என்று நினைத்து, கேள்வி மேல் கேள்வி அனுப்புவார்.

வால்சக்கரம் | 6 மே 2024, மாலை 6:30

எஃப்ஏஏ பக்கம் செய்ய வேண்டியது இது.

விண்ணப்பம், படிவம் 8130-6. தாளிலும் தரலாம், எஃப்ஏஏ-யின் ஏடபிள்யூசி இணையதளத்திலும் போடலாம். பெர்மிட் எதற்கெல்லாம் கிடைக்கும் என்று எஃப்ஏஏ விதி 21.197-ல் இருக்கிறது: பழுது பார்க்கும் இடத்துக்கோ நிறுத்திவைக்கும் இடத்துக்கோ கொண்டுபோக, ஒப்படைக்க அல்லது ஏற்றுமதி செய்ய, ஆபத்து வரும் இடத்திலிருந்து வெளியேற்ற, இப்படி. உங்களுடையது ஏற்றுமதி. "பழுது பார்க்க" என்று போட்டால் இன்ஸ்பெக்டர் முதலில் கேட்பது, "பேங்கரிலேயே ஒர்க்‌ஷாப் இருக்கிறதே, ஏன் ஜெர்மனிக்கு?" என்பதுதான்.

21.199 கேட்கும் விவரங்கள்: நோக்கம், வழி, தேவையான பைலட்டுகள், எந்தெந்த விதத்தில் தரத்துக்கு ஒத்துவரவில்லை, நீங்களே தேவை என்று கருதும் கட்டுப்பாடுகள். கடைசி இரண்டில்தான் விண்ணப்பம் நிற்கும், விழும். "ஆனுவல் இல்லை" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். நிலுவையில் உள்ள ஏடி-க்கள் (எஃப்ஏஏ-யின் கட்டாயப் பாதுகாப்பு ஆணைகள்) எவை, ஒவ்வொன்றும் ஃபெர்ரி பறப்பை அனுமதிக்கிறதா என்று சேர்த்து எழுதுங்கள். பொதுவாக ஏடி நிலுவையில் இருந்தாலும் பெர்மிட் வாங்கலாம், 39.23 அதற்கு இடம் தருகிறது. ஆனால் சில ஏடி-க்களில் ஃபெர்ரி கூடாது என்றே எழுதியிருக்கும். அப்படி ஒன்று இருந்தால் அந்த வேலையை முடிக்காமல் விமானம் நகராது.

எஃப்ஏஏ இன்ஸ்பெக்டர் கட்டணம் வாங்கமாட்டார். டிஏஆர் (எஃப்ஏஏ அதிகாரம் பெற்ற தனியார் பிரதிநிதி) வழியாகப் போனால் அவர் கட்டணம் வாங்குவார், ஆனால் தேதி சொல்லிச் செய்வார். கையில் வருவது 8130-7, இளஞ்சிவப்புத் தாள்.

அதோடு வேலை முடியவில்லை. புறப்படும் முன் ஏ அண்ட் பி (சட்டகம், எஞ்ஜின் இரண்டுக்கும் சான்று பெற்ற) மெக்கானிக் விமானத்தைப் பார்த்து, "இந்தப் பயணத்துக்குப் பாதுகாப்பான நிலையில் இருக்கிறது" என்று லாக்புக்கில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இதற்கு ஐஏ (ஆனுவலில் கையெழுத்திடும் உரிமை பெற்ற மெக்கானிக்) தேவையில்லை. ஆனுவல் மாதிரி முழுப் பரிசோதனையும் அல்ல. ஆனால் மாதக்கணக்கில் நின்ற விமானம் என்றால் நல்ல மெக்கானிக் இவற்றையாவது பார்ப்பார்: எல்லா வடிகாலிலும் எரிபொருள் எடுத்துத் தண்ணீர் இருக்கிறதா என்று, காற்று வடிகட்டிக்குப் பின்னால் எலிக்கூடு இருக்கிறதா என்று, பிட்டோ (வேகம் அளக்கும்) குழாயிலும் டேங்க் வென்ட்டிலும் (காற்றுத் துளை) பூச்சி அடைத்திருக்கிறதா என்று, கன்ட்ரோல் கேபிளும் புல்லியும் துருப்பிடிக்காமல் ஓடுகிறதா என்று. எண்ணெய் ஃபில்டரை வெட்டி உலோகத் தூள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடல் மேல் போகிற விமானத்துக்கு அந்த ஃபில்டரை வெட்டாமல் கையெழுத்துப் போடுகிற ஆளை நம்பவே நம்பாதீர்கள்.

கிழக்கோட்டம் | 7 மே 2024, காலை 7:55

மேலே சொன்ன நாடுகள் பட்டியல் குறைவாக இருக்கிறதே. கேண்டர் ஓஷியானிக், ரெய்க்யாவிக், ஷான்விக் என்று மூன்று கட்டுப்பாட்டுப் பகுதி வருகிறது. ஷான்விக்கில் அயர்லாந்தும் சேர்த்தி. அயர்லாந்திடமும் கேட்க வேண்டாமா?

வால்சக்கரம் | 7 மே 2024, காலை 8:20

வேண்டாம். எஃப்ஐஆர் (போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதி) எல்லை வேறு, நாட்டின் வான் எல்லை வேறு. அனுமதி கேட்பது நிலத்துக்கும் கரையிலிருந்து 12 நாட்டிகல் மைல் கடலுக்கும் மேலே போவதற்கு. அதற்கு அப்பால் ஆழ்கடல், அங்கே போக்குவரத்தை எந்த நாடு பார்த்துக்கொண்டாலும் வான் அதற்குச் சொந்தமாகிவிடாது. அயர்லாந்து மண்ணைத் தொடாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

வானிலை கெட்டு ஷானனுக்குத் திரும்ப வேண்டி வரலாம் என்று நினைத்தால், மாற்று விமான நிலையம் இருக்கும் நாட்டிடமும் முன்பே கேட்டுவைப்பது நல்லது. அவசர நிலை என்று இறங்கினால் இறங்கவிடுவார்கள். மறுபடி கிளம்பவிட வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

லாக்புக் | 7 மே 2024, இரவு 9:48

நாடு நாடாகக் கேட்கும்போது இடறும் இடங்கள்.

கனடா: டிரான்ஸ்போர்ட் கனடாவிடம், அவர்கள் விதி 507.05-ன்படி வெளிநாட்டுப் பறப்பு அனுமதிக்கு ஏற்பு வாங்க வேண்டும். கூஸ் பே வழி என்பதால் மான்க்டனில் இருக்கும் அட்லாண்டிக் பிராந்திய அலுவலகம். வீட்டிலேயே கட்டிய அமெரிக்க விமானங்களுக்கு கனடா பொதுவான ஏற்பு ஒன்றை இணையத்தில் போட்டிருக்கிறது. அதை இறக்கி அச்சடித்து, தமது 182-க்கும் சேரும் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. சேராது.

கிரீன்லாந்து: டென்மார்க்கின் விமானத் துறைதான் பார்க்கிறது, ஆனால் கிரீன்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. டென்மார்க்கிடம் கேட்கும்போது கிரீன்லாந்துக்கு என்று தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஐஸ்லாந்து, ஜெர்மனி: இயாசா (ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு) நாடுகள்தான். ஆனாலும் ஒருவர் கொடுத்தது மற்றவருக்குச் செல்லும் என்று எண்ண வேண்டாம். எல்லா உறுப்பு நாட்டிலும் செல்வது இயாசா விதிப்படி படிவம் 20-ல் வழங்கப்படும் பெர்மிட். உங்களிடம் இருப்பது எஃப்ஏஏ தாள். ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சரி சொல்ல வேண்டும். பிரிட்டன் 2021 தொடக்கத்திலிருந்து இயாசாவில் இல்லை, அதுவும் தனி.

எல்லோரும் கேட்கும் தாள்கள்: 8130-7-ன் நகல் லிமிட்டேஷன் பக்கத்தோடு, பதிவுச் சான்று, காப்பீடு, பைலட் லைசென்ஸ், மெடிக்கல், தேதியோடு வழி, ஏன் இந்தப் பயணம் என்று ஒரு பத்தி.

பனிச்சிறகு | 8 மே 2024, காலை 6:35

முட்டுகிறதே. அவர்களுக்கு எஃப்ஏஏ பெர்மிட் நகல் வேண்டும். எஃப்ஏஏ பெர்மிட்டுக்கு முடிவு தேதி உண்டு. ஐந்து நாடுகள் பதில் சொல்வதற்குள் அது முடிந்துபோனால்?

வால்சக்கரம் | 8 மே 2024, காலை 7:10

முதலில் 8130-6 வரைவையும் வழியையும் எல்லா நாட்டுக்கும் அனுப்பி, "இதில் உங்களுக்கு வேறென்ன வேண்டும்" என்று கேளுங்கள். பதில்கள் வந்தபின் எஃப்ஏஏ-யிடம் போய், மற்ற நாடுகளின் அனுமதிக்கு நேரமாகும் என்று அந்தக் கடிதங்களைக் காட்டி, தாராளமான முடிவு தேதி கேளுங்கள். கையில் வந்த அன்றே நகலை எல்லோருக்கும் அனுப்புங்கள். நாடுகளிடம் ஒரே தேதி கேட்காதீர்கள், முன்னும் பின்னும் சில நாள் இடம் விட்டுக் கேளுங்கள். நர்சர்சுவாக்கில் மூடுபனிக்குக் காத்திருக்க வேண்டி வரும், அதற்குள் ஐஸ்லாந்து அனுமதி முடிந்துபோகும்.

கிழக்கோட்டம் | 8 மே 2024, இரவு 10:22

லிமிட்டேஷன் பக்கத்தில் "பகல், விஎஃப்ஆர் மட்டும்" என்று, அதாவது வெளியே கண்ணால் பார்த்து மட்டுமே ஓட்டலாம் என்று, போடுவது இன்ஸ்பெக்டர்களின் வழக்கம். உள்ளூரில் ஒர்க்‌ஷாப்புக்குப் போக அது போதும். வட அட்லாண்டிக்கில் அந்த ஒரு வரியே பயணத்தைக் கெடுத்துவிடும்.

கடல் மேல் விஎஃப்ஆர் என்றால் சுமார் 5,500 அடிக்குக் கீழேயே போக வேண்டும். அதற்கு மேல் கிளாஸ் ஏ வான்வெளி, ஐஎஃப்ஆர் (கருவிகளைப் பார்த்து ஓட்டுவது) மட்டும். நர்சர்சுவாக்கிலிருந்து ரெய்க்யாவிக்குக்கு நேர்வழியில் போனால் பனிப்பீடத்தைத் தாண்ட வேண்டும், அங்கே தரையே 9,000 அடிப் பக்கம். தெற்கே கரையைச் சுற்றிப் போகலாம், தூரம் கூடும். இன்னொன்று, ஒற்றை எஞ்ஜின் விமானம் கனடாவிலிருந்து கடல் தாண்டக் கிளம்பினால் கனடா விதி 602.39: பைலட்டுக்கு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், விமானத்தில் ஐஎஃப்ஆர் கருவிகள், குறைந்தது இரண்டு சர்வதேச அலைவரிசை பிடிக்கும் எச்எஃப் (நெடுந்தூர) ரேடியோ, ஆளுக்கொரு குளிர்காப்பு உடை, வழக்கமான எரிபொருளுக்கு மேல் 10 சதவீதம். ஐஎஃப்ஆர் கருவி வேண்டும் என்கிறது ஒரு நாடு, ஐஎஃப்ஆர் கூடாது என்கிறது இன்னொரு நாட்டுத் தாள்.

அதனால் விண்ணப்பத்திலேயே ஐஎஃப்ஆர் கேளுங்கள். பிட்டோ-ஸ்டேட்டிக் (வேக, உயரக் கருவிகள்), டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குப் பதில் தரும் கருவி) சோதனை 24 மாதத்துக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது தவறியிருந்தால் ஐஎஃப்ஆர் கேட்கவே முடியாது.

லாக்புக் | 9 மே 2024, மதியம் 12:15

பதிவு பற்றி யாரும் சொல்லவில்லை. விற்பனை முடிந்து புதிய உரிமையாளர் பெயரில் விண்ணப்பம் போனதும் கையில் இருக்கும் தற்காலிக நகல் அமெரிக்காவுக்குள் மட்டுமே செல்லும். வெளியே போக, சர்வதேசப் பறப்பு அறிவிப்பு, அதாவது படிவம் 8050-98, கொடுத்து ஓக்லஹோமா சிட்டி பதிவகத்திடம் ஃப்ளைவயர் என்ற தற்காலிகச் சான்று வாங்க வேண்டும். ஜெர்மானியர் அமெரிக்கக் குடிமகனோ அங்கே நிரந்தரக் குடியுரிமை அனுமதி பெற்றவரோ இல்லை என்றால் அவர் பெயரில் நேராக என்-பதிவு கிடைக்காது, டிரஸ்ட் வழிதான்.

இதைவிடப் பெரியது: கிளம்பும் முன் ஏற்றுமதிக்காகப் பதிவு நீக்கிவிடாதீர்கள். பதிவு நீங்கிய நிமிடமே எஃப்ஏஏ பெர்மிட்டுக்கு ஆதாரம் போய்விடும். அப்புறம் பறக்க வேண்டுமானால் ஜெர்மன் பதிவும் ஐரோப்பிய பெர்மிட்டும் வந்தாக வேண்டும். விற்றவர், என்-எண்ணிலேயே ஜெர்மனி போய் இறங்கியபின் நீக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளட்டும். பதிவு மாறும் அன்று மோட்-எஸ் (டிரான்ஸ்பாண்டர்) குறியீட்டையும் 406 ஈஎல்டி (அவசர இடங்காட்டி) குறியீட்டையும் மாற்ற மறக்க வேண்டாம்.

ரேடியோவுக்கு எஃப்சிசி (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) ஸ்டேஷன் லைசென்ஸும் பைலட்டின் ரேடியோ பெர்மிட்டும் வேண்டும். உள்நாட்டில் யாரும் கேட்பதில்லை என்பதால் பல விமானங்களில் இருக்காது.

வால்சக்கரம் | 9 மே 2024, மாலை 5:40

காப்பீடு. பெரும்பாலான பாலிசிகளில் "பறத்தகுதிச் சான்று அமலில் இருக்க வேண்டும்" என்று ஒரு வரி உண்டு. பெர்மிட்டின் நகலை அனுப்பி, இந்த வழி, இந்தப் பைலட், இந்தத் தேதிகளுக்குச் செல்லும் என்று எண்டார்ஸ்மென்ட் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் "சரி" என்றது எதற்கும் ஆகாது. ஐரோப்பிய ஒன்றிய விதி 785/2004-ன்படி 2,700 கிலோவுக்குக் கீழே, 1,000 கிலோவுக்கு மேலே உள்ள விமானத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு குறைந்தது 30 லட்சம் எஸ்டிஆர் (ஐஎம்எஃப்-பின் கணக்கு அலகு). 182டி 1,406 கிலோ, அந்தப் படியில் வருகிறது. தொகை சான்றிதழில் எழுத்தில் தெரிய வேண்டும்.

வாங்கியவர் கூடவே வர ஆசைப்படுகிறார் என்றால்: பெர்மிட்டில் தேவையான பணியாளர் மட்டும்தான். அவருக்கு உரிய லைசென்ஸ் இருந்து, இரண்டாவது பைலட் என்று விண்ணப்பத்திலேயே காரணத்தோடு கேட்டிருந்தால் பார்க்கலாம். பயணியாகக் கிடையாது.

பனிச்சிறகு | 10 மே 2024, காலை 8:02

ஃபெர்ரி டேங்க் (கேபினுக்குள் வைக்கும் கூடுதல் எரிபொருள் டேங்க்) போட்டால் எடை எல்லையைத் தாண்டுமே, அதற்கும் இதே பெர்மிட்தானா?

கிழக்கோட்டம் | 10 மே 2024, மதியம் 2:30

ஆம், 21.197-ன் இரண்டாம் உட்பிரிவு. கூடுதல் எடை எரிபொருள், அதைக் கொண்டுபோகும் சாதனம், வழிகாட்டும் கருவி ஆகியவற்றுக்கு மட்டும். பெட்டி, உதிரிபாகம் ஏற்றக்கூடாது. எடை 10 சதவீதம் கூடினால் 3.8 ஜி (எடையைப் போல 3.8 மடங்கு விசை) தாங்கும் சட்டகம் 3.45 ஜி-க்கு இறங்கும், ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே இறக்கை தூக்காது) 5 சதவீதம் ஏறும். கொந்தளிப்பில் வேகம் குறைப்பதும், கனத்தோடு உடனே திரும்பி இறங்காமல் எரித்துவிட்டு இறங்குவதும் அதனால்தான்.

ஆனால் உங்களுக்கு எடை தாண்டுகிறதா என்று முதலில் கணக்குப் போடுங்கள். கூஸ் பே – நர்சர்சுவாக் சுமார் 675 நாட்டிகல் மைல். வேகம் 135 நாட், எரிபொருள் மணிக்கு 12 கேலன் என்று வையுங்கள். 25 நாட் எதிர்க்காற்றில் 6 மணி நேரத்துக்குச் சற்று மேல், 74 கேலன். இறக்கையில் பயன்படுவது 87. மிச்சம் 13 கேலன், ஒரு மணி நேரம். மாற்று நிலையம், 10 சதவீதம் எல்லாம் அதில் அடங்காது. டேங்க் வேண்டும்.

எடை எல்லை 3,100 பவுண்டு. வெற்று எடை 1,970 என்று வைப்போம், உங்கள் எடைத்தாளில் உள்ளதைப் போடுங்கள். மிச்சம் 1,130. இறக்கை எரிபொருள் 522. பைலட், ராஃப்ட், உடை, பை எல்லாம் 280. இன்னும் 328 இருக்கிறது. 45 கேலன் எரிபொருள் 270 பவுண்டு, டேங்க், குழாய், கட்டு 40, ஆக 310. ஒரே பைலட் என்றால் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. இரண்டாவது ஆள் ஏறினால்தான் தாண்டும். பின் இருக்கையைக் கழற்றிய இடத்தில் டேங்க் வருவதால் சிஜி (ஈர்ப்பு மையம்) பின்னுக்குப் போகும், டேங்க் நிறைந்தும் காலியாகவும் இரண்டு கணக்கும் வேண்டும்.

வால்சக்கரம் | 10 மே 2024, மாலை 7:15

கிழக்கோட்டம் போட்ட கணக்கைப் பார்த்தபின் நான் முதல் நாள் சொன்னதை வேறு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்து நாட்டு அனுமதிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தோம். இந்த விமானத்துக்கு அந்த வழியே வேண்டாம். பேங்கரில் ஒரு ஐஏ-வைப் பிடித்து ஆனுவலை முடியுங்கள். டேங்கை 337 படிவத்தில் (எஃப்ஏஏ-யின் மாற்றப் பதிவுப் படிவம்) ஃபீல்டு அப்ரூவலோடு (இன்ஸ்பெக்டர் தரும் ஒப்புதல்), எடை எல்லைக்குள், ஒரு பைலட்டுக்கு என்று போடுங்கள். இன்ஸ்பெக்டர் அதை முறையான மாற்றமாக ஒப்புக்கொண்டால் ஸ்டாண்டர்டு சான்று அமலுக்கு வந்துவிடும், 33-வது பிரிவு உண்மையிலேயே உங்கள் பக்கம் நிற்கும், யாரிடமும் சிறப்பு அனுமதி கேட்க வேண்டியதில்லை. இன்ஸ்பெக்டர் டேங்கை ஃபெர்ரி பெர்மிட்டின் கீழ்தான் ஒப்புவேன் என்றால் மட்டும் மேலே எழுதிய பாதைக்கு வாருங்கள். ஆகவே ஆனுவலுக்குப் பணம் கட்டும் முன் அவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

பெர்மிட் என்பது விமானம் நிற்கும் இடத்தில் சரிசெய்யவே முடியாதபோது எடுக்கும் வழி. ஆனுவல் மட்டும் தவறிய 182-ஐ, அதுவும் ஒற்றை எஞ்ஜினில், அந்தத் தண்ணீர் மேல் பெர்மிட்டோடு அனுப்புவதை நான் ஒப்பமாட்டேன். ஆனுவலில் எஞ்ஜின் கம்ப்ரஷன் பார்ப்பார்கள், பெர்மிட் பரிசோதனையில் பார்க்காமலும் விடலாம்.

லாக்புக் | 11 மே 2024, காலை 9:00

போகும் வழியில் உடைந்தால் நிலைமை வேறு, அதையும் எழுதிவைக்கிறேன். ரெய்க்யாவிக்கில் சக்கரம் வளைந்தது என்று வையுங்கள். ஐஸ்லாந்து விமானத்தை நிறுத்திவைக்கலாம், ஆனால் பதிவு நாடான அமெரிக்காவுக்கு உடனே சொல்ல வேண்டும். அமெரிக்கா சேதத்தைப் பார்த்து, பழுது பார்க்கும் இடம் வரை வணிகமில்லாப் பறப்புக்குக் கட்டுப்பாடுகளோடு விடலாம், ஐஸ்லாந்து சொன்ன கட்டுப்பாடுகளையும் கருத்தில் எடுக்க வேண்டும். அப்படி விட்டால் ஐஸ்லாந்து தடுக்கக்கூடாது. ஐகாவோ இணைப்பு 8-ல் இது தெளிவாக இருக்கிறது. நிறுத்திய நாட்டுக்குத்தான் இந்தக் கடமை. அடுத்துத் தாண்டும் நாட்டிடம் பழையபடி கேட்க வேண்டும்.

பனிச்சிறகு | 20 மே 2024, மாலை 4:18

இன்ஸ்பெக்டர் 337-க்குச் சரி என்கிறார், ஒரு பைலட், எடை எல்லைக்குள் என்ற நிபந்தனையோடு. ஆனுவல் பேங்கரிலேயே. வாங்கியவர் விமானத்தில் வரமாட்டார். டேங்க் பொருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கிழக்கோட்டம் | 20 மே 2024, இரவு 8:50

வென்ட் குழாய் கேபினுக்கு வெளியே போக வேண்டும், வாய் காற்றோட்டத்தை நோக்கி வெட்டியிருக்க வேண்டும். பின்னோக்கி இருந்தால் உறிஞ்சி டேங்கை நசுக்கும், எரிபொருள் இறங்காது. கட்டுப்பட்டை இருக்கைத் தண்டவாளத்திலோ சீட்பெல்ட் பிடிப்பிலோ நிற்க வேண்டும், வெறும் தரைப்பலகையில் அல்ல. இறக்கை டேங்கில் இடம் பிறந்தபின்பே மாற்றத் தொடங்குங்கள், இல்லையென்றால் வென்ட் வழியாகக் கடலில் கொட்டும். முதல் முறை மாற்றிப் பார்ப்பது நிலத்தின் மேல், விமான நிலையம் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கூஸ் பே போகும் வழியிலேயே செய்துவிடலாம்.

வால்சக்கரம் | 21 மே 2024, காலை 6:50

337-ன் நகல் விமானத்துக்குள் இருந்தாக வேண்டும். கேபினுக்குள் எரிபொருள் டேங்க் வைத்த விமானத்துக்கு 91.417 அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. போதைப்பொருள் கடத்தலுக்குக் கூடுதல் டேங்க் போடுவதைப் பிடிக்க வந்த விதி, அதனால் சுங்க அதிகாரிகள் இதை உண்மையிலேயே கேட்பார்கள். ஜெர்மனியில் டேங்கைக் கழற்றும்போது அமெரிக்க மெக்கானிக் கையெழுத்தோடு லாக்புக் பதிவும், பழைய எடைத்தாளுக்குத் திரும்பியது என்ற குறிப்பும் வேண்டும். பதிவு நீக்கும் முன் அதை முடியுங்கள், பிறகு என்-எண்ணுள்ள லாக்புக்கில் எழுத ஆள் கிடைக்காது.